இல்லாத உலைக்கு ஒரு கொட்டகை

ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, டினேக்கா ரீட்ஸ்மாவின் தபால்பெட்டியில் இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் மின் உற்பத்திக் கழகத்திலிருந்து வந்தவை. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே நீல முத்திரை.

முதல் கடிதம் வாழ்த்தியது. போர்ட் டன்மோரில் கட்டப்போகும் புதிய அணுமின் நிலையத்துக்கு எந்த வகை உலை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட குடிமக்கள் குழு அமைக்கப்படுகிறது. குலுக்கலில் அவளுடைய பெயர் வந்திருக்கிறது. இரண்டாவது கடிதம் வருந்தியது. அந்த நிலையத்தின் எல்லைக்கோடு ஏழாம் சாலையைத் தாண்டி அவளுடைய மாட்டுக் கொட்டகையின் நடுவே போகிறது. நவம்பரில் நில ஆணையம் நடத்தும் விசாரணை முடிந்ததும் நிலம் எடுக்கப்படலாம்.

கொட்டகையில் அறுபத்துநான்கு கறவை மாடுகள் இருந்தன. டினேக்காவும் அவள் கணவன் வீபேயும் இருபத்தாறு வருடமாக அவற்றின் பாலில்தான் பிழைத்துவந்தார்கள். கொட்டகை போனால் வீடு மட்டும் மிஞ்சும். வீட்டை யாரும் கறக்க முடியாது.

"ஒரு கையால முதுகுல தட்டிக்கொடுக்கறான், இன்னொரு கையால பிடுங்கறான்," என்றான் வீபே. "போகாதே. போனா நீயே சம்மதிச்ச மாதிரி ஆயிடும்."

"போகலைன்னா கேட்கக்கூட ஆள் இல்லாம போயிடும்."

"என்னத்தைக் கேட்பே?"

"எந்த உலைக்கு நம்ம கொட்டாய் வேணும்னு கேட்பேன். வேற உலையைத் தேர்ந்தெடுத்துட்டா தீர்ந்துச்சு இல்ல?"

இவ்வளவு எளிமையாக யோசித்தவள் அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் கூட்டம் மே மாதம், கர்லிங் என்ற பனித்தள விளையாட்டுக்கான அரங்கத்தை ஒட்டிய சமூகக் கூடத்தில், மாலை நான்கு மணிக்கு நடந்தது. மாலை நான்கு மணி ஊரில் பால் கறக்கும் நேரம் என்பது கழகத்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தலைமை வகித்தவர் கிரஹாம் பெட்டிக்ரூ. அவருடைய பதவியின் பெயர் 'தொழில்நுட்ப நடுநிலைமைக்கான துணைத்தலைவர்'. உயரமானவர், நன்றாகச் சிரிப்பவர். எதிரில் இருப்பவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு முடித்துவிட்டு, தான் சொல்ல வந்ததை ஒரு சொல் குறையாமல் சொல்வார்.

முதலில் எல்லோரும் எழுந்து நின்று, இந்த மண் ஆதியில் எந்தப் பழங்குடி மக்களுடையது என்பதை மரியாதையோடு வாசித்தார்கள். பிறகு உட்கார்ந்து, அடுத்து யாருடையதை எடுப்பது என்பதைப் பற்றிய காகிதங்களைப் பிரித்தார்கள். இரண்டுக்கும் நடுவே 'பாதுகாப்பு நிமிடம்' வந்தது. கழகத்தில் எந்தக் கூட்டமானாலும் இது உண்டு. அன்றைய பொருள், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது. கூடம் ஒரே தளம், படி கிடையாது. ஆகவே பெட்டிக்ரூ எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு படிக்கட்டைக் கற்பனை செய்யச் சொன்னார். நிமிடம் பதினெட்டு நிமிடம் நீடித்தது. டினேக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கணக்கிட்டாள். கண்ணைத் திறந்திருந்ததற்காக அவளுக்கு ஒரு கண்டிப்பும் கிடைத்தது.

கடைசியில் அவள் கையைத் தூக்கினாள். "நாலு உலை பரிசீலனையில இருக்குன்னு சொல்றீங்க. அதுல எதுக்கு என் கொட்டாய் வேணும்?"

"அருமையான கேள்வி," என்றார் பெட்டிக்ரூ. "எதுக்கும் வேண்டாம்."

"அப்போ கோடு ஏன் சாலையைத் தாண்டி வருது?"

"தனித்தனியா எதுக்கும் வேண்டாம், மிஸஸ் ரீட்ஸ்மா. நாலையும் சேர்த்தாதான் வேணும்."

"நாலையும் கட்டப்போறீங்களா?"

"சேச்சே. ஒண்ணுதான்."

பெட்டிக்ரூ பக்கத்து நாற்காலியில் இருந்த இளம் பொறியாளரைப் பார்த்தார். நொயெமி லஷான்ஸ் என்ற அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். விளக்கச் சொன்னால் விளக்கிவிடுவது அவளுடைய குறை.

"ஒரு சட்டைன்னு வச்சுக்கங்க," என்றாள் நொயெமி. "நாலு பேர்ல யாருக்குச் சட்டைன்னு இன்னும் முடிவாகலை. ஆனா துணிக்கு இப்பவே அனுமதி வாங்கணும். அதனால ஒருத்தரோட கை நீளம், இன்னொருத்தரோட தொந்தி, மூணாமவரோட கழுத்து, நாலாமவரோட தோள், எது எது பெரிசோ அதையெல்லாம் எடுத்துச் சேர்க்கிறோம். இதுல ஒரு உலைக்குக் குளிர்விக்கும் கோபுரம் ரொம்ப உயரம். ஒண்ணு தண்ணி ரொம்பக் குடிக்கும். ஒண்ணுக்குக் கட்டடம் அகலம். ஒண்ணுக்குக் கழிவு வைக்கிற முற்றம் பெரிசு. எல்லா உச்சமும் சேர்ந்த கணக்குக்கு 'உறை'ன்னு பேர்."

"அந்தச் சட்டை யாருக்குச் சரியா இருக்கும்?"

"யாருக்கும் இருக்காது. ஆனா யார் வேணும்னாலும் உள்ள நுழைஞ்சிடலாம்."

"அந்தச் சட்டைக்குத்தான் என் கொட்டாயா?"

நொயெமி உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். பெட்டிக்ரூ கேள்விக்கு நன்றி சொன்னார். டினேக்காவின் பக்கத்தில் இருந்த எர்ல் மக்டீக், பீன்ஸ் பயிரிடுகிறவர், எழுபது வயது, அவள் காதருகே குனிந்தார். "ஏம்மா, அந்தச் சட்டைக்காரனைப் பார்த்தா சொல்லு. எனக்கும் பாக்கணும்."

ஜூன் மாதக் கூட்டம் முழுவதும் நடுநிலைக்குச் செலவானது. நான்கு உலைகளுக்கும் ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அமைப்பாளர்களில் ஒருவர், ஏ என்றால் முதலிடம் என்ற எண்ணம் வந்துவிடும் என்று எச்சரித்தார். எழுத்துகள் நீக்கப்பட்டன. அடுத்து ஹியூரான் ஏரியின் மீன்களுடைய பெயர்களை வைத்தார்கள். எர்ல் உடனே பிக்கரெல் மீனின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"உலை பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார் பெட்டிக்ரூ.

"ஒண்ணும் தெரியாது. பொரிச்சா நல்லா இருக்கும்னு தெரியும்."

மீன்களும் நீக்கப்பட்டன. முடிவில் நான்கு உலைகளுக்கும் 'விருப்பத்தேர்வு' என்ற ஒரே பெயரை வைத்தார்கள். அதன்பிறகு ஆவணங்களில், 'விருப்பத்தேர்வைவிட விருப்பத்தேர்வு அதிகத் தண்ணீர் எடுக்கும். ஆனால் விருப்பத்தேர்வு அளவுக்கு அல்ல' என்பது போன்ற வாக்கியங்கள் வந்தன. படங்களின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டப்பட்டது. ஒன்று மற்றதைவிட அழகாக இருந்துவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மூடியிருந்தார்கள். 'உலை' என்ற சொல்லே ஒரு சார்புடையது என்று ஒருவர் கருதியதால், நிலம் கேட்கும் முறையைச் சொல்லும் விதிநூலிலும் அது நீக்கப்பட்டு, அந்த இடங்களிலெல்லாம் 'பயன்பாடு' என்று திருத்தப்பட்டது. நூற்று நாற்பத்தொரு இடங்கள். திருத்தியவர் அதை ஒரு சாதனையாக அறிவித்தார்; கைதட்டினார்கள்.

ஜூலையில் மதிப்பெண். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு அளவுகோல்கள் இருந்தன. ஒவ்வொரு உறுப்பினருக்கும் பச்சை வட்ட ஒட்டுத்தாள்கள் ஒரு கட்டு கொடுத்து, சுவரில் இருந்த பெரிய அட்டவணையில் ஒட்டச் சொன்னார்கள். 'இயக்க வரலாறு' என்ற வரிசையில், ஏற்கெனவே வேறொரு நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் உலைக்குத்தான் குறைவான வட்டங்கள் தரவேண்டும் என்று குறிப்பு சொன்னது. டினேக்கா அது அச்சுப்பிழை என்று நினைத்தாள்.

"பிழை இல்லை," என்றார் பெட்டிக்ரூ. "ஓடற ஒண்ணுக்குப் பழைய வண்டவாளம் இருக்கும். எத்தனை தடவை நின்னுச்சு, எதனால நின்னுச்சு, எல்லாம் எழுதிவச்சிருப்பாங்க. இன்னும் கட்டாததைப் பாருங்க. ஒரு நாள் நின்னதில்லை. ஒரு குழாய் ஒழுகினதில்லை. ஒரு தொழிலாளிக்கு விரல்ல காயம் பட்டதில்லை. நம்பகம்னா இதைவிட என்ன வேணும்?"

"என் வீட்ல வாங்காத டிராக்டர் ஒண்ணு இருக்கு," என்றார் எர்ல். "இந்த வருஷம் அதுக்கும் ஒரு ரிப்பேர் வரலை."

பெட்டிக்ரூ தலையாட்டினார். "அதேதான். நீங்க நல்லாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

டினேக்கா வீட்டுக்கு வந்தபோது வீபே தனியாக முக்கால்வாசி மாடுகளைக் கறந்து முடித்திருந்தான். முழங்கால் வலியோடு கறந்ததால் கோபமாக இருந்தான். "என்ன முடிவாச்சு?" என்றான்.

"எனக்குப் புத்தி சரியா இருக்கான்னு சந்தேகம் வந்திருக்கு. அதுதான் முடிவு. அங்க பத்துப் பேர் தலையாட்டறாங்க, வீபே. எர்ல் கேலி பண்ணினாலும் தலையாட்டறாங்க. நான்தான் எங்கேயோ ஒரு பக்கம் படிக்காம விட்டுட்டேனோன்னு தோணுது."

"படிச்சுப் பாரு, அப்போ."

அவன் எரிச்சலில் சொன்னான். அவள் அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் நான்கு விருப்பத்தேர்வுகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்றைச் செய்யும் நிறுவனம், வரைபடத்தை முதலிலிருந்து போட்டுக்கொண்டு பத்து வருடத்தில் வருகிறோம் என்றது. ஒன்றுக்குத் தேவையான எரிபொருளை உலகத்தில் அந்த அளவில் யாரும் இன்னும் செய்யவில்லை. ஒன்று, ஓடிக்கொண்டிருந்த குற்றத்துக்காகத் தள்ளப்பட்டது. நான்காவதன் நிறுவனம் கேட்ட காகிதங்களில் பாதியைத்தான் அனுப்பியது. எது எது என்று சொல்ல விதி இடம் தரவில்லை.

ஆனால் அட்டவணையில் ஐந்தாவது ஒரு பத்தி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஓரத்தில் போட்டுவைத்த பத்தி: உறை. அதன் சுற்றுச்சூழல் அறிக்கை முழுமையாக இருந்தது, பதினோரு தொகுதி. மக்கள் கருத்துக் கேட்பு முடிந்திருந்தது. அதன் கோபுர உயரம், தண்ணீர், முற்றம் எல்லாம் ஆறு தசம இடம் வரை கணக்கிடப்பட்டிருந்தன. விற்பவர் இல்லாததால் விற்பவர் திவாலாகும் ஆபத்து இல்லை. விபத்து இல்லை. பச்சை வட்டங்களை எண்ணிக் கூட்டியபோது, இருநூற்றுப் பதினான்கில் இருநூற்று மூன்று அளவுகோல்களில் அது முதலிடத்தில் இருந்தது.

செப்டம்பர் கூட்டத்தில் பெட்டிக்ரூவின் குரல் தழுதழுத்தது. "முப்பது வருஷ அனுபவத்துல இப்படியொரு தெளிவான வெற்றியை நான் பார்த்ததில்லை. நண்பர்களே, போர்ட் டன்மோர் உறையைத் தேர்ந்தெடுத்திருக்கு."

நொயெமி எழுந்தாள். "அது ஒரு உலை இல்லை, சார். அது ஒரு கணக்கு. அப்படி ஒண்ணு கிடையாது."

"'இருக்கிறதா' என்பது இருநூற்றுப் பதினான்கு அளவுகோல்கள்ல எத்தனாவது, நொயெமி?"

"அது பட்டியல்லயே இல்லை, சார்."

"அப்போ பாதியில விதியை மாத்தச் சொல்றியா? அது நடுநிலையா?"

நொயெமி உட்கார்ந்தாள். குழுவினர் கைதட்டினார்கள். எர்ல்கூட, ஒரு தொப்பியும் டோனட்டும் இலவசமாகக் கிடைத்ததால், இரண்டு தட்டுத் தட்டினார். டினேக்கா மட்டும் எழுந்து நின்று, "நான் சம்மதிக்கலை. எழுதிக்கங்க," என்றாள். அன்றைய கூட்டக் குறிப்பை அவள் பிறகு வாங்கிப் பார்த்தபோது, 'ஓர் உறுப்பினர் மிகுந்த ஈடுபாட்டுடன் பங்கேற்றார்' என்று எழுதியிருந்தது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவள் நொயெமியை நிறுத்தினாள். "இந்த உறைக்கு விதி எங்கேம்மா இருக்கு? நானே படிக்கணும்."

"விதிநூல்ல மூணாம் தொகுதி, ஏழாம் அத்தியாயம். நூலகத்துல ஒரு பிரதி இருக்கு." நொயெமி கார்க் கதவைத் திறந்தாள். "மொத்தம் ரெண்டு பேர்தான் அதைப் படிச்சிருப்போம். இன்னொருத்தர் அதை எழுதினவர். ரிட்டயர் ஆயிட்டார்."

டினேக்கா மூன்று வாரம், காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையில், நூலகத்தில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் படித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்ததாகத் தோன்றியது. அவளுக்கே நம்பிக்கை இல்லாமல் மூன்றாவது தடவையும் படித்தாள். விதி இதுதான்: இன்னும் தேர்வாகாத ஒரு பயன்பாட்டுக்கு நிலம் கேட்கும் எவரும், பரிசீலனையில் உள்ள எல்லா வகைகளின் உச்ச அளவுகளையும் சேர்த்து எல்லை வரையலாம், பக்கத்து நிலத்துக்குள் கோடு போனாலும் ஆணையம் அதைச் சமமாகப் பரிசீலிக்க வேண்டும். பயன்பாடு என்றால் உலை என்று எங்கும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைத்தான் ஜூன் மாதமே எல்லா இடத்திலும் எடுத்துவிட்டார்களே.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் பெரிய தாளை விரித்தாள். வீபே உருளைக்கிழங்கு மசியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தான்.

"என்னது இது?"

"மாடு. அடுத்த தலைமுறைக்கு எந்த இன மாடு வாங்கறதுன்னு நாம இன்னும் முடிவு பண்ணலை இல்ல?"

"எப்பவும் வாங்கற ஹோல்ஸ்டைன்தான்..."

"முடிவு பண்ணலை," என்றாள் அவள். "அஞ்சு இனம் பரிசீலனையில இருக்கு. தோள் உயரம் இத்தாலிக் காளையோடது. கொம்பு ஸ்காட்லாந்து மலை மாட்டோடது. எடை சாரலே இனத்தோடது. பால் ஹோல்ஸ்டைன். சுத்தித் திரியற தூரம் காட்டெருமையோடது."

வீபே தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரிப்பில் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. "குணம்? குணம் யாரோடது?"

"நம்ம முப்பத்தேழாம் நம்பர்."

முப்பத்தேழாம் நம்பர் போன வருடம் கால்நடை மருத்துவரை உதைத்து, அவருடைய வண்டியின் கண்ணாடியையும் உதைத்த மாடு. "அப்போ அதைச் சுத்தி யாரும் வரக்கூடாது," என்றான் வீபே, பென்சிலை எடுத்துக்கொண்டு. "முந்நூறு மீட்டர் விலக்கு வளையம் போடு."

போட்டார்கள். அப்படிப்பட்ட அறுபத்துநான்கு மாடுகள் மேய வேண்டிய நிலத்தைக் கணக்கிட்டு, கோடு வரைந்தார்கள். கோடு ஏழாம் சாலையைத் தாண்டி, கழகத்தின் நிலத்துக்குள் போய், புதிதாகக் கட்டிய பார்வையாளர் மையத்தையும் அதன் வண்டி நிறுத்துமிடத்தையும் சுற்றிக்கொண்டு ஏரிக்கரையில் முடிந்தது. மறுநாளே அது ஒரு விண்ணப்பமாக ஆணையத்துக்குப் போனது.

நவம்பர் விசாரணை கர்லிங் அரங்கத்தில் நடந்தது. பனித்தளத்தின் மேல் பலகை போட்டிருந்ததால் எல்லோருக்கும் கால் சில்லிட்டது. ஆணையத்தின் தலைவி மிஸஸ் ஓகில்வி, குட்டையான, அலுத்துப்போன பெண்மணி, கம்பளிக் காலுறையை இரண்டு அடுக்காகப் போட்டிருந்தார். பெட்டிக்ரூ ஒன்றேகால் மணி நேரம் உறையைப் பற்றிப் பேசினார். அடுத்து டினேக்காவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவள் எழுந்து நின்றாள். காகிதத்தைப் பார்த்தே வாசித்தாள். கோபுரத்தின் உயரத்தைக் கழகம் எந்த முறையில் கணக்கிட்டதோ, அதே முறையில் கொம்பின் அகலத்தைக் கணக்கிட்டிருப்பதாகச் சொன்னாள். ஏழாம் அத்தியாயத்தின் பக்க எண்ணையும் சொன்னாள். ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

மிஸஸ் ஓகில்வி விதிநூலைப் புரட்டினார். பக்கத்தில் இருந்த வழக்கறிஞரிடம் ஏதோ கேட்டார். வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கி, "முறைப்படிதான் இருக்கு, மேடம்," என்றார்.

பெட்டிக்ரூ எழுந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் தலையாட்டவில்லை. "மேடம், இது கேலிக்கூத்து! இப்படி ஒரு மாடு உலகத்துலயே கிடையாது! இல்லாத ஒண்ணுக்காக, இருக்கிற ஒருத்தரோட நிலத்தை யாராவது எடுத்துக் கொடுப்பாங்களா?"

குறிப்பெடுக்கும் பெண் விசைப்பலகையில் தட்டி முடித்தாள்.

"எழுதிட்டியாம்மா?" என்றார் மிஸஸ் ஓகில்வி.

"எழுதிட்டேன், மேடம்."

"மிஸ்டர் பெட்டிக்ரூ, இந்த வாதம் எந்த விண்ணப்பத்துக்கு எதிரானதுன்னு பதிவு பண்ணிக்கட்டும்? உங்களுடையதுக்கா, அவங்களுடையதுக்கா?"

பின்வரிசையில் எர்ல் சிரித்த சிரிப்பில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. பெட்டிக்ரூ தன் வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நொயெமி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாடா அவிழ்ந்திருக்கவே இல்லை. இரண்டு விண்ணப்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், ஏதாவது ஒன்று பின்வாங்கும்வரை யாருடைய நிலத்திலும் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது.

டிசம்பரில் ஒரு நாள், மாலைக் கறவை நேரத்தில், பெட்டிக்ரூ கொட்டகைக்கே வந்தார். காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார். கக்கத்தில் ஒரு வரைபடச் சுருள். டினேக்கா ஒரு மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"கோட்டைச் சாலைக்கு அந்தப் பக்கமே நகர்த்திட்டோம்," என்றார் அவர். "முற்றத்தைக் கொஞ்சம் மடக்கிப் போட்டோம், கோபுரத்தைக் கிட்ட வச்சோம். சரியா வந்துடுச்சு. உங்க கொட்டாய்க்கு இனி ஒரு தொந்தரவும் இல்லை."

"எழுத்துல கொடுங்க."

கொடுத்தார். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு அதை வீபேயிடம் கொடுத்தாள். அவனும் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"சந்தோஷம்," என்றாள்.

பெட்டிக்ரூ நகரவில்லை. "அப்போ... அந்த மாடு? நீங்களும் வாபஸ் வாங்கிடலாமில்ல? பார்வையாளர் மையத்தைத் திறக்க முடியலை. விலக்கு வளையத்துக்குள்ள இருக்குன்னு காப்பீட்டுக்காரன் ஒத்துக்க மாட்டேங்கறான்."

டினேக்கா கறவைக் குழாயை மாட்டினாள். இயந்திரம் சீராகத் துடிக்க ஆரம்பித்தது.

"நீங்க முதல்ல ஒரு உலையைத் தேர்ந்தெடுங்க, மிஸ்டர் பெட்டிக்ரூ. நிஜமா இருக்கிற ஒண்ணு. அன்னைக்கே நானும் ஒரு மாட்டைத் தேர்ந்தெடுத்துடறேன்," என்றாள். "அதுவரைக்கும் அது உங்க பார்க்கிங்லதான் மேயும்."